மிதக்கிறவனின் கால்

பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்து வாசலில், செங்கம் சாலை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் போதும். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் கடந்துபோகும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். எந்த இடத்தில் தார் சுடும், எந்த இடத்தில் கல் குத்தும், கொப்புளம் வந்தால் என்ன தடவலாம் என்று டீக்கடைகளில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். திருவண்ணாமலை பாதங்களைப் பற்றி நிறையப் பேசுகிற ஊர்.

அதே ஆசிரமப் பகுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சமுத்திரம் ஏரி இருக்கிறது. கோடையில் வெறும் வெடிப்பு நிலம். நல்ல மழை பெய்த வருடத்தில் மட்டும் பெயருக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் விரிந்து கிடக்கும். அப்படி நிறைகிற ஏரிகளில், விடிகாலையில், ஊதிய லாரி டியூப்பில் ஒரு மனிதர் மிதப்பதைத் தமிழ்நாட்டில் பல இடங்களில் பார்க்கலாம். இடுப்புக்கு மேலே இருப்பதெல்லாம் கரையிலிருந்தே தெரியும்: கையில் வலை, தலையில் துண்டு, டியூப்பின் நடுவே மீன் போட ஒரு சாக்கு. தெரியாதது அவருடைய கால்கள். அவர் நகர்வதும் திரும்புவதும் சேற்றில் இறங்கி நிற்பதும் அந்தக் கால்களை நம்பித்தான். அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் ஒரு ஹவாய் செருப்பு.

அந்தக் காலில் என்ன இருக்க வேண்டும்? "ஃபின்ஸ் மாட்டினா போச்சு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தோண்டத் தோண்ட, இது இரண்டு தனித்தனி வரலாறுகள் முட்டிக்கொள்கிற இடம் என்று புரிந்தது. ஒன்று, மனிதன் மிதக்கக் கற்றுக்கொண்ட வரலாறு. அது மிகப் பழையது. இன்னொன்று, மிதக்கிறவனின் காலில் எதை மாட்டுவது என்ற வரலாறு. அதற்கு உருப்படியான பதில் கிடைத்து நூறு வருடம்கூட ஆகவில்லை. கிடைத்த பதிலும் நம் ஏரிக்கரைகளுக்கு வந்து சேரவில்லை.

தோலும் பானையும் சுரைக்குடுக்கையும்

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. இன்றைய இராக்கில் உள்ள நிம்ருத்தில், அசீரிய அரசன் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் அரண்மனைச் சுவரில் இருந்தது. காலம் சுமார் கி.மு. 865. எதிரிகள் ஆற்றில் குதித்துத் தப்பி ஓடுகிறார்கள், கரையிலிருந்து வில்லாளிகள் அம்பு விடுகிறார்கள். நீந்துகிறவர்களில் இருவர் ஊதிய ஆட்டுத்தோலை மார்புக்குக் கீழே அணைத்திருக்கிறார்கள். வாயை வைத்துக் காற்றை ஊதிக்கொண்டே நீந்துகிறார்கள். ஒரு கை தோலைப் பிடித்திருக்கிறது. மீதி வேலை காலுக்கு.

காற்று அடைத்த பையில் மிதப்பது இவ்வளவு பழையது. இமயமலை அடிவாரத்தில் பியாஸ், சட்லெஜ் ஆறுகளில் ஊதிய மாட்டுத்தோலில் படுத்து, காலால் உதைத்து ஆள்களைக் கரை சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன சாமுவேல் போர்ன் அந்தத் தோல் மிதவைகளைப் படமே எடுத்திருக்கிறார்.

மீன்பிடிப்புக்கு நேரடியான உதாரணம் சிந்து நதியில் இருக்கிறது. சுக்கூர் பக்கத்து மீனவர்கள் வாய் அகன்ற பெரிய மண்பானையை ஆற்றில் விட்டு, அதன் வாயை வயிற்றால் அடைத்தபடி குப்புறப் படுத்துக்கொள்வார்கள். கைகளில் நீண்ட கழியில் கட்டிய வலை. கால்கள் பின்னால் உதைத்துப் பானையைத் திருப்பும். மீன் மாட்டினால் அதே பானைக்குள் போட்டுவிட்டு மறுபடி வயிற்றால் மூடிக்கொள்வார்கள். படகும் மீன்கூடையும் ஒரே பாத்திரம். அவர்கள் பிடித்தது பல்லா மீன். வங்காளிகள் ஹில்சா என்று உருகுவதும் நாம் உல்லம் என்று சொல்வதும் அதையேதான். சிந்துவில் பணியாற்றிய ரிச்சர்ட் பர்ட்டன் உட்பட 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் பலர் இந்தக் காட்சியை வியந்து எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கம் தோலும் பானையும் அவ்வளவாகப் புழங்கவில்லை. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை ஏறியது. குடுக்கை இல்லாவிட்டால் வாழைத்தண்டு. பிறகு மூடி இறுகிய பிளாஸ்டிக் கேன். சங்க இலக்கியத்தில் இதற்கெல்லாம் ஒரே பொதுப்பெயர் உண்டு: புணை. புதுவெள்ளத்தில் ஆடுகிறவர்கள் பற்றிக்கொள்ளும் மிதவை. வேழக்கோலால் கட்டிய புணைகளைப் பாடல்களில் பார்க்கலாம். நம்மில் பலருக்குத் தெரிந்த புணை கணியன் பூங்குன்றனுடையது. ஆற்று வெள்ளம் இழுத்த பக்கமெல்லாம் போகும் புணையை, முறைவழி போகும் உயிருக்கு உவமையாகச் சொன்னார்.

அந்த உவமை பொருந்த வேண்டுமென்றால் புணையில் இருப்பவர் காலை ஆட்டாமல் இருக்க வேண்டும். சுக்கூர் மீனவரும் லாரி டியூப்காரரும் அப்படி இருக்க முடியாது. வலை கிடக்கிற இடத்துக்குப் போயாக வேண்டும், காற்று வேறு பக்கம் தள்ளினாலும். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. படகில் கால் சும்மா நிற்கும், கை துடுப்புப் போடும். அதனால் மீன் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், அல்லது துடுப்பைக் கீழே வைக்க வேண்டும். ஆளோடு ஒட்டிய மிதவையில் கை வலைக்குப் போய்விடுகிறது, துடுப்பு வேலை காலுக்கு வருகிறது. ஒரே ஆள், இரண்டு வேலை. இந்த வகை மீன்பிடிப்பின் மொத்த லாபமும் அதுதான். ஆனால் மனிதக் கால் மோசமான துடுப்பு. பாதம் ஒடுக்கம், விரல்கள் குட்டை. பல லட்சம் வருடமாக நடப்பதற்கென்றே வடிவான உறுப்பு அது.

கல், பலகை, ரப்பர்

தமிழ்க் கடலில் தண்ணீருக்குள் வேலை செய்த காலில் மாட்டப்பட்ட மிகப் பழைய கருவிகளில் ஒன்று, தள்ளுவதற்கானது அல்ல, மூழ்குவதற்கானது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் பாதத்தை வைத்து நேராக ஆழத்துக்கு இறங்கினார்கள். அடியில் போய்ச் சேர்ந்ததும் காலை எடுத்துவிடுவார்கள், மேலே படகில் இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். மூச்சு இருக்கிற வரை சிப்பி பொறுக்கி, கயிற்றை ஆட்டினால் ஆளையும் இழுத்துக்கொள்வார். இறங்கக் கல், ஏறக் கயிறு. பக்கவாட்டில் போகத் தனியாக ஒரு கருவி தேவைப்படவில்லை.

பக்கவாட்டில் போக ஆசைப்பட்டவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மின்னலையும் பட்டத்தையும் வைத்து நாம் அறிந்த அதே ஆள். பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டு மாதிரி நீள்வட்டப் பலகைகள் செய்து, கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு, இரண்டு கையிலும் பிடித்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. உள்ளங்காலுக்கும் செருப்பு போல ஒன்றைச் செய்து கட்டினார். அது திருப்தி தரவில்லை. 1773இல் எழுதிய ஒரு கடிதத்தில் காரணமும் சொல்கிறார்: நீந்தும்போது உந்தல் உள்ளங்காலால் மட்டும் வருவதில்லை, பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் தள்ளுகின்றன.

பலகையில் இன்னொரு கோளாறும் உண்டு. அது வளையாது. காலைத் தண்ணீரில் உதைக்கும்போது போகிற வீச்சும் திரும்புகிற வீச்சும் உண்டு. விறைப்பான பலகை போகும்போது தள்ளிய அளவுக்குத் திரும்பும்போது பின்னால் இழுக்கும். வாலை ஆட்டும் மீனைப் பாருங்கள். துடுப்பு ஒவ்வொரு வீச்சிலும் வளைந்து சாய்வதால், இரண்டு வீச்சிலும் தண்ணீர் பின்பக்கமாகவே தள்ளப்படுகிறது. அப்படி வளைந்து நிமிரும், தண்ணீரில் ஊறிப் போகாத ஒரு பொருள் ஃபிராங்க்ளின் கையில் இல்லை.

அந்தப் பொருள் ரப்பர். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கி, வெயிலில் உருகாத, குளிரில் உடையாத பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்குக் கப்பல் ஏறின. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். மிதவையும் ஃபின்ஸும் ஒரே மரத்துப் பாலிலிருந்து வந்தவை.

ஃபின்ஸ் கொஞ்சம் தாமதமாக வந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியு 1914இல் ஒரு மாதிரியைச் செய்து காட்டினார், 1933இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். டஹிட்டித் தீவுக்குப் போனபோது, உள்ளூர்க்காரர்கள் காலில் ஒன்றைக் கட்டிக்கொண்டு விரைவாக நீந்துவதைப் பார்த்தார். கொர்லியுவிடம் உரிமம் வாங்கி 1940இல் ரப்பர் ஃபின்ஸ் விற்க ஆரம்பித்தார். முதல் வருடம் ஆயிரம் ஜோடிகூடப் போகவில்லை. அடுத்து யுத்தம். கடற்படைகளின் தவளை மனிதர்களுக்கு அது தேவைப்பட்டது. அதற்குப் பிறகு ஃபின்ஸை யாரும் பொம்மை என்று சொல்லவில்லை.

லாரி டியூப்பில் உட்கார்ந்தவர்கள்

யுத்தம் முடிந்த அமெரிக்காவில் லாரி டியூப் மலிந்து கிடந்தது. அதற்குக் கித்தான் உறை தைத்து, நடுவே கால்விட்டு உட்கார ஒரு பட்டை வைத்து, ஏரிகளில் மீன் பிடிக்க இறங்கினார்கள். இன்று அங்கே இது பெரிய பொழுதுபோக்குத் தொழில். இரண்டு காற்றறை, சாய்ந்துகொள்ள முதுகு, தூண்டில் தாங்கி எல்லாம் வைத்து விற்கிறார்கள். இப்படி உட்காருகிறவர் நாற்காலியில் இருப்பது போல இருப்பார், கால்கள் முன்னால் தொங்கும். ஃபின்ஸ் மாட்டி உதைத்தால் டியூப் பின்பக்கமாகத்தான் போகும். முன்னால் போக வேண்டும் என்பதற்காகக் குதிகாலில் கட்டும் கீல் வைத்த துடுப்புகளும் வந்தன. பெரும்பாலோர் முதுகு போகிற திசைக்கே பழகிக்கொண்டார்கள்.

நம் கதை வேறு மாதிரி போனது. 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. லாரிகள் பெருகின. பஞ்சர் கடைகளில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இனிச் சாலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட டியூப்கள் சேர்ந்தன. சாலைக்கு ஆகாதது ஏரிக்கு ஆனது.

அதே காலத்தில் தண்ணீரும் பெருகியது. திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை 1958இல் திறக்கப்பட்டது. 119 அடி ஆழம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை குளம், ஏரி, அணை என்று எல்லா இடத்திலும் பெருகியது. 1974இல் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் உருவாகி, சாத்தனூர் போன்ற அணைகளில் மீன் வளர்ப்பையும் பிடிப்பையும் கையில் எடுத்தது. நம் அணைகளில் மீன்பிடிப்புக்குப் பழகிய படகு பரிசல். மூங்கில் பின்னல், ஒரு காலத்தில் தோல் உறை, இப்போது பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். சாத்தனூருக்குச் சுற்றுலா போனவர்களுக்கு வறுத்த மீன் நினைவிருக்கும். முதலைப் பண்ணையும் நினைவிருக்கும். அங்கே டியூப்பில் காலைத் தொங்கவிடுவது நல்ல யோசனை இல்லை.

பரிசலுக்குக் கொஞ்சமாவது முதல் போட வேண்டும். லாரி டியூப் அதுவும் இல்லாதவரின் படகு. ஏரிக் குத்தகைக்காரரிடம் கூலிக்கு வலை போடுகிறவர், நான்கு நாள் வேலை இல்லாதபோது வீட்டுக்குழம்புக்காக இறங்குகிறவர் என்று பலர் அதில் இருக்கிறார்கள். நரம்பு வலையை மாலையில் போட்டுவிட்டு விடிகாலையில் எடுப்பார்கள். அமெரிக்கர் மாதிரி நிமிர்ந்து உட்காருவதில்லை. டியூப்பின் மேல் மார்பைச் சாய்த்துக் குப்புறப் படுப்பார்கள், அல்லது ஓட்டையில் உடம்பை இறக்கிக் கைகளை மேலே வைத்துக்கொள்வார்கள். கால் போதாதபோது கையில் சின்னப் பலகைத் துண்டு, தட்டு, சமயத்தில் ஒரு ஜோடி செருப்பு. ஆமாம், செருப்பைக் கையில் மாட்டித் துடுப்புப் போடுகிறார்கள். ஃபிராங்க்ளின் சிறுவனாகச் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

எதை மாட்டுவது

இப்போது கேள்விக்கு வரலாம். யாராவது நாளைக்கே ஒரு ஏரியில் டியூப்போடு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். காலுக்கு என்ன?

முதலில் ஃபின்ஸின் நீளம். பார்த்தவுடன் நீளமானதுதான் நல்லது என்று தோன்றும். மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டுக்காரர்கள் மாட்டும் ஃபின்ஸ் மிக நீளமாக இருக்கும். அது இடுப்பிலிருந்து கால் முழுவதையும் வீசுகிறவருக்கு. டியூப்பில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு பூட்டிக்கொள்கிறது, முழங்காலுக்குக் கீழேதான் ஆடும். அங்கே நீளமான ஃபின்ஸ் கணுக்காலை நெம்புகோல் மாதிரி முறுக்கும். பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆழமில்லாத தண்ணீரில் செடியிலும் வலையிலும் சிக்கும். குட்டையான, அகலமான, ஓரளவு விறைப்பானதுதான் இதற்குச் சரி.

அகலம் ஏன்? காலேஜில் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எனக்குப் பயன்பட்ட அபூர்வமான இடம் இது. தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறோம். உந்து விசை, நொடிக்குத் தள்ளும் தண்ணீரின் அளவையும் அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கியது. செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால், அதே உந்தல் பாதிச் சக்தியில் கிடைக்கும். வெறுங்கால் கொஞ்சம் தண்ணீரை வேகமாக அடிக்கிறது. அகலமான ஃபின்ஸ் நிறையத் தண்ணீரை மெதுவாக நகர்த்துகிறது. வெறுங்காலோடு ஒரு மணி நேரம் உதைத்தவர் கரைக்கு வரும்போது நடை தள்ளாடுவதற்கு இதுதான் காரணம். அவர் சோம்பேறி இல்லை, அவருடைய கால் வீணாக உழைக்கிறது.

அடுத்து, கால் முழுவதையும் மூடும் ஃபின்ஸா, குதிகாலில் பட்டை போடும் ஃபின்ஸா? பட்டைதான். காரணம் அதற்குள்ளே இன்னொரு காலணி போட வேண்டும். ஏரிக்கரையில் வெறுங்காலோடு இறங்கினால் என்னவெல்லாம் இருக்கும் என்று நமக்கே தெரியும். கண்ணாடிச் சில்லு, சீமைக்கருவேல முள், கெளுத்தி மீனின் முள், விநாயகர் சதுர்த்திக்குக் கரைத்த சிலைகளின் உள்ளே இருந்த குச்சியும் கம்பியும். வெட்டுப்பட்ட தோல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும், அதுவும் தேங்கிய தண்ணீரில். குளிர்நாட்டில் இதற்கு நியோப்ரீன் காலுறை மாதிரி ஒன்றைப் போடுகிறார்கள். நம் வெயிலில் அது கால் தோலை ஊறவைக்கும். அடிப்பகுதி கெட்டியான, பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள கேன்வாஸ் ஷூ போதும். கம்பூட் வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிரம்பிவிட்டால் உதைக்கவும் முடியாது, கரையேறவும் முடியாது, சேறு அப்படியே கவ்விப் பிடிக்கும்.

சேறு ஃபின்ஸையும் கவ்வும். அகலமான தகட்டைக் களிமண்ணில் வைத்து எடுத்துப் பாருங்கள், உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கணுக்காலோடு ஒரு கயிறு கட்டிக்கொள்வது முக்கியம். நடு ஏரியில் ஒரு ஃபின்ஸ் கழன்று போனால் மற்றொன்று டியூப்பைச் சுற்றிச் சுற்றித்தான் விடும். இறங்கும்போது முதுகு தண்ணீரைப் பார்க்க, பின்பக்கமாக நடக்க வேண்டும். முன்பக்கமாக நடந்தால் தகடு மடங்கி முகம் குப்புற விழுவது உறுதி. கரையேறியதும் எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும். நியூசிலாந்தில் ஒரு பாசி ஆற்றுக்கு ஆறு பரவியதற்கு மீன்பிடிப்பவர்களின் கம்பளி அடி வைத்த பூட்ஸும் காரணம் என்று சொல்லி 2008இல் அவற்றைத் தடை செய்தார்கள். நம் ஏரிகளை ஆகாயத்தாமரை மூடியிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும்.

கடைசியாக ஒன்று. காலில் எது இருந்தாலும் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். லாரி டியூப்புக்கு ஒரே காற்றறை. வால்வு பழுதானாலோ பழைய ஒட்டு விட்டாலோ புணை போய்விடும். வலையில் கால் சிக்கிய நிலையில் நீச்சல் தெரிவது மட்டும் உதவாது.

யாருக்குச் செருப்பு

மேலே சொன்ன அறிவுரை எல்லாம் சரி. ஆனால் அதை எழுதும்போதே என் மனதில் இருந்தவர் யார்? பைக்கில் ஏரிக்கரை வரை வந்து, அங்கேயே ஃபின்ஸை மாட்டி, இரண்டு மணி நேரம் மிதந்து, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மனிதர். சந்தையில் கிடைக்கும் எல்லா ஃபின்ஸும் அவருக்காகச் செய்யப்பட்டவை.

விடிகாலை டியூப்காரரின் நாளைப் பாருங்கள். டியூப்பைத் தோளில் மாட்டி முள்காட்டு வழியாக ஏரி வரை நடை. சேற்றில் இறக்கம். கொஞ்ச தூரம் நீந்தல், கால் எட்டுகிற இடத்தில் நின்று வலை இழுத்தல், மறுபடி நீந்தல், மறுபடி நிற்றல். பிறகு சாக்கைத் தலையில் வைத்து வழுக்குகிற கரையில் ஏற்றம். ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய கால் பலமுறை நிலத்துக்கும் தண்ணீருக்கும் மாறுகிறது. நிலம் கேட்பது ஒடுக்கமான, கெட்டியான அடி. தண்ணீர் கேட்பது அகலமான, வளையும் அடி. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் காலணியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. தவளை விரல்களை விரித்தும் மடக்கியும் இதைச் செய்கிறது. ஆகவே அவர் கிடைத்ததில் குறைந்த தொல்லையைத் தேர்ந்தெடுக்கிறார். வெறுங்கால், அல்லது விரலிடுக்கில் இறுக்கிப் பிடித்த ஹவாய் செருப்பு. அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிற பொருள்களுக்குள் அதுதான் சரியான தேர்வு.

தமிழ்நாட்டில் வெறுங்காலுக்கு ஒரே அர்த்தம் என்றும் இல்லை. செருப்பு நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் அதற்குத் 'தொடுதோல்' என்று அழகான பெயர் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை ஆயர்களைப் பற்றிச் சொல்லும்போது, செருப்புப் போட்டுப் போட்டு வடு ஆழ்ந்த அவர்களுடைய வலிய காலைக் காட்டுகிறது. காட்டில் மாடு மேய்ப்பவருக்கு வேலைக்கான காலணி இருந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றில் எட்டாவது, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். கிரிவலத்தில் செருப்பைக் கழற்றுகிறவர் அதை வண்டியில் விட்டுவிட்டு வருகிறார், விடிந்ததும் மாட்டிக்கொள்வார். கழற்றுவதற்கு ஒன்று இருந்தால்தான் அது விரதம்.

தண்ணீரில் வேலை செய்யும் காலுக்கான காலணியை இன்றும் தாங்களாகவே தேடிக்கொண்டவர்கள் பாம்பன் பக்கத்துப் பெண்கள். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. கூரான பாறையிலிருந்து பாதத்தைக் காப்பாற்ற அந்தச் செருப்போடுதான் நீந்துகிறார்கள், மூழ்குகிறார்கள். அந்தக் கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் எங்கே, எத்தனை நாள் பாசி எடுக்கலாம் என்பதே அவர்களுடைய போராட்டமானது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. கடலைக் காப்பாற்றிக்கொண்டே கடலில் பிழைக்கும் வழிக்காக. காலில் இருந்தது அதே ரப்பர் செருப்புதான்.

திருவண்ணாமலையில் இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றும் பரம்பரை உரிமை பருவதராஜ குலத்தவருடையது. செம்படவர் என்றும் அறியப்பட்ட, ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடித்து வாழ்ந்த சமூகம். தீபத்துக்கு முன்பு ஆளுயரக் கொப்பரையைத் தோளில் சுமந்து, பாறைவழியில், வெறுங்காலோடு அவர்கள் ஏறுவதைக் கீழிருந்து ஊரே அண்ணாந்து பார்க்கும். ஏரி மீனவரின் கால் இந்த ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற நாள்கள் அவை. மற்ற நாள்களில் அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

எனக்குப் படுவது இதுதான். டியூப் மீனவருக்கான காலணி தொழில்நுட்பத்தில் கஷ்டமான பொருள் இல்லை. கெட்டி அடி, தண்ணீர் வடியும் பக்கம், சேற்றில் கழலாத பட்டை, காலடியிலிருந்து மடித்து நீட்டக்கூடிய ஒரு ரப்பர் தகடு. ஃபிராங்க்ளினிடம் இல்லாத பொருள் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. இங்கிருந்து வடமேற்கே, பஸ் ஏறினால் அரைநாளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. பனியில் நடக்கிறவர்களுக்கும் அலுவலகத்தில் நடக்கிறவர்களுக்கும் உலகம் முழுவதும் ஷூ செய்து அனுப்புகிற ஊர்கள். அங்கே ஒரு மேஜையில், யாராவது ஒரு ஏரி மீனவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி அளவெடுத்தால் போதும். விலை ஹவாய் செருப்பைவிட ரொம்ப அதிகமாக இருக்கக் கூடாது. அதுதான் கஷ்டமான பகுதி, அதற்குத்தான் நல்ல இன்ஜினியர்கள் வேண்டும்.